தலைவரே சொல்லியிருக்கிறார்!

ஒரு குரங்குக் கதையிலிருந்து ஆரம்பிப்போம்.

2024-ல் வெளிவந்த 'கிங்டம் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தைப் பார்த்தீர்களா? பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித நாகரிகம் அழிந்து, வாலில்லாக் குரங்குகள் பேசக் கற்றுக்கொண்டு உலகத்தைக் கையில் எடுத்துக்கொண்ட காலம். அவற்றுக்கு முன்னொரு காலத்தில் சீஸர் என்று ஒரு தலைவன் இருந்தான். தன் இனத்தைக் கூண்டிலிருந்து வெளியே கூட்டிவந்தவன். குரங்கு குரங்கைக் கொல்லக் கூடாது, சேர்ந்திருந்தால்தான் பலம். இதுதான் அவன் சொல்லிக் கொடுத்த பாடம். அவன் செத்துப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

இப்போது வில்லன் வருகிறான். அவன் சீஸரை எதிர்ப்பவன் இல்லை. சீஸர் பெயரையே சூட்டிக்கொண்டவன்! ப்ராக்ஸிமஸ் சீஸர். அவனுடைய ஆட்கள் 'சீஸருக்காக!' என்று கத்திக்கொண்டுதான் கிராமங்களைக் கொளுத்துகிறார்கள். பிடிபட்ட குரங்குகளைக் கடற்கரைக்கு ஓட்டிவந்து, மனிதர்கள் விட்டுப்போன ஒரு பாதாளக் கிடங்கின் இரும்புக் கதவைத் திறக்கும் வேலையில் போடுகிறான். சேர்ந்திருந்தால் பலம். அதே வாசகம்தான். சீஸர் சொன்னபோது அது விடுதலை. இவன் சொல்லும்போது அடிமைகள் கயிறு இழுப்பதற்கான தாளம்.

சீஸர் உண்மையில் என்ன சொன்னான் என்று தெரிந்த ஜீவன் படத்தில் ஒன்றே ஒன்றுதான். ராகா என்கிற ஒராங்குட்டான். அதுவும் பாதிப் படத்தில் ஆற்றோடு போய்விடுகிறது.

'சரி சார், சினிமாதானே?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதே வரிசையில் 2014-ல் வந்த படத்தில் இன்னொரு வில்லன் உண்டு. சீஸரின் வலது கையாக இருந்து, சீஸரையே சுட்டுவிட்டு, பழியை மனிதர்கள் மேல் போட்டு, 'சீஸருக்காகப் பழிவாங்குவோம்' என்று கூட்டத்தைத் திரட்டி ஆட்சியைப் பிடிப்பவன். அவன் பெயர் கோபா.

சரித்திரத்திலும் ஒரு கோபா உண்டு. ஜார்ஜியாவில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பாதிரியார் ஆவதற்காக டிஃப்லிஸ் நகர மடாலயப் பள்ளியில் படித்தவன். அலெக்ஸாண்டர் கஸ்பெகி எழுதிய ஒரு நாவலின் கொள்ளைக்கார வீரன்மீது மோகம் கொண்டு, அவன் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு புரட்சியில் குதித்தவன். நாவலின் தலைப்பு, 'தந்தையைக் கொன்றவன்'. பிற்பாடு அவன் வேறு ஒரு பெயர் வைத்துக்கொண்டான். உலகம் அந்தப் பெயரில்தான் அவனை அறியும்.

ஸ்டாலின்.

இந்தக் கோபா தலைவரைச் சுடவில்லை. அதற்குத் தேவையே ஏற்படவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான ஒரு காரியம் செய்தார். செத்துப்போன தலைவரைச் சாகவிடாமல் வைத்துக்கொண்டார்.

1922 டிசம்பர். மாஸ்கோ. ருஷ்யப் புரட்சியின் நாயகன் லெனின் பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் கிடக்கிறார். வயது 52. கட்டிலைச் சுற்றி டாக்டர்கள். ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடங்களுக்கு மேல் பேசி எழுதச் சொல்லக் கூடாது, அரசியல் சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று கட்டுப்பாடு. அதை மேற்பார்வை பார்க்கிற பொறுப்பைக் கட்சியின் மத்திய கமிட்டி யாரிடம் கொடுத்திருந்தது தெரியுமா? அந்த ஏப்ரலில்தான் பொதுச்செயலாளர் ஆகியிருந்த ஸ்டாலினிடம்!

கிடைத்த அந்தச் சில நிமிடங்களில், டிசம்பர் 23-லிருந்து, லெனின் தன் காரியதரிசிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கடிதம் சொன்னார். அடுத்து வரும் கட்சி மாநாட்டுக்கான கடிதம். பிற்பாடு 'லெனினின் உயில்' என்று பெயர் பெற்றது இதுதான். ஸ்டாலின் கையில் எல்லையில்லாத அதிகாரம் குவிந்துவிட்டது, அதை அவர் எப்போதும் ஜாக்கிரதையாகப் பயன்படுத்துவாரா என்பது சந்தேகமே என்றார். டிராட்ஸ்கி திறமைசாலி, ஆனால் தன்னம்பிக்கை மிதமிஞ்சிப் போனவர் என்றார். யாருக்கும் முழு மார்க் போடவில்லை.

1923 ஜனவரி 4. படுத்துக்கொண்டே யோசித்தவருக்கு அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். பின்குறிப்பு ஒன்று சேர்த்தார். ஸ்டாலின் ரொம்ப முரடர், பொதுச்செயலாளர் பதவியில் அந்த குணத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது, அவரை அங்கிருந்து நகர்த்திவிட்டு வேறு ஒருவரைப் போடத் தோழர்கள் வழி யோசிக்க வேண்டும்.

இதைவிடத் தெளிவாக ஒரு தலைவர் சொல்ல முடியுமா?

அந்தப் பின்குறிப்புக்குச் சில நாட்கள் முன்பு ஒரு சம்பவம். லெனின் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதிக்கொண்டதற்காக, அவர் மனைவி க்ரூப்ஸ்கயாவை ஸ்டாலின் டெலிபோனில் கூப்பிட்டுக் கண்டபடி திட்டியிருந்தார். மார்ச் 5-ம் தேதி லெனின் ஸ்டாலினுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மன்னிப்புக் கேட்கிறீர்களா, அல்லது நம் உறவை முறித்துக்கொள்ளலாமா? ஐந்தே நாளில், மார்ச் 10-ம் தேதி, மறுபடி பக்கவாதம். இந்த முறை பேச்சே போய்விட்டது. மேடையில் பேசிப் பேசியே ஒரு சாம்ராஜ்யத்தைப் புரட்டிப் போட்டவர், மிச்சமிருந்த பத்து மாதங்களும் சொற்களுக்காகத் திணறினார். 1924 ஜனவரி 21-ம் தேதி செத்துப்போனார்.

இனிமேல்தான் கதையே.

ஜனவரி 26. மாஸ்கோவின் பல்ஷோய் தியேட்டரில் இரங்கல் கூட்டம். ஸ்டாலின் பேச எழுந்தார். அவர் பெரிய பேச்சாளர் கிடையாது. ஜார்ஜிய உச்சரிப்பு, கீழ்க்குரல். ஆனால் அன்று மடாலயப் படிப்பு கைகொடுத்தது. லெனின் நமக்கு இன்ன கட்டளையிட்டுப் போனார், தோழர் லெனின் அவர்களே, அதை நிறைவேற்றுவோம் என்று சத்தியம் செய்கிறோம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சபதங்கள். மாதா கோயில் ஜெபம் மாதிரியே இருந்தது. பதவியிலிருந்து தூக்கச் சொன்ன கட்டளை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை!

க்ரூப்ஸ்கயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. 'பிராவ்தா' பத்திரிகையில் ஜனவரி 30-ம் தேதி அவர் கடிதம் வந்தது. லெனினுக்கு நினைவுச் சின்னம் வேண்டாம், அவர் பெயரில் மாளிகைகள் வேண்டாம், விழாக்கள் வேண்டாம், அவரை கௌரவிக்க நினைத்தால் குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் நூலகமும் ஆஸ்பத்திரியும் கட்டுங்கள். இதுதான் சாரம்.

என்ன நடந்தது? பெட்ரோகிராட் நகரம் லெனின்கிராட் ஆனது. உடலைப் புதைக்கவில்லை. வோரோபியோவ், ஸ்பார்ஸ்கி என்ற இரண்டு விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் உழைத்து அதைக் கெடாமல் பதப்படுத்தினார்கள். செஞ்சதுக்கத்தில் மரத்தால் ஒரு மண்டபம். 1930-ல் அதுவே கிரானைட் மண்டபமாக எழுந்தது. கடவுள் இல்லை என்று சொன்ன கட்சிக்கு ஒரு மூலஸ்தானம் கிடைத்துவிட்டது. மூலஸ்தானம் என்று ஒன்று வந்துவிட்டால் பூசாரி வேண்டாமா?

ஏப்ரலில் பூசாரி மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். ஸ்வெர்த்லோவ் பல்கலைக்கழகத்தில் ஸ்டாலின் தொடர் சொற்பொழிவு. தலைப்பு, 'லெனினிசத்தின் அடிப்படைகள்'. டிராட்ஸ்கி, புகாரின் போன்ற மகா பண்டிதர்கள் இருந்த கட்சியில் இவரைப் பெரிய அறிவாளி என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் பண்டிதர்கள் எழுதியது பண்டிதர்களுக்கு. இவர் செய்தது நோட்ஸ். புரட்சிக்குப் பிறகு கட்சியில் சேர்ந்த, அவ்வளவாகப் படிக்காத லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு லெனினைக் கேள்வி பதில் மாதிரி எளிமையாகப் பிழிந்து கொடுத்தார். லெனினின் எழுத்துக்கள் மலைபோல் கிடக்க, அவர்கள் படித்தது ஸ்டாலின் சொன்ன லெனினை.

அந்த உயில் என்ன ஆயிற்று என்கிறீர்களா?

மே மாதம் 13-வது கட்சி மாநாடு. க்ரூப்ஸ்கயா உயிலைக் கட்சியிடம் ஒப்படைத்தார். மாநாட்டுக்கு முன்னால் மத்திய கமிட்டியில் படித்தார்கள். ஸ்டாலினுக்கு அது வாழ்வா சாவா நேரம். காப்பாற்றியவர்கள் யார்? ஜினோவியெவ்வும் காமனெவ்வும். அவர்களுக்கு டிராட்ஸ்கி மேல் பயம். ஸ்டாலினை விட்டால் டிராட்ஸ்கி வந்துவிடுவாரே! லெனின் வாக்கு நமக்கு வேதம், ஆனால் பொதுச்செயலாளரைப் பற்றி அவர் பட்ட பயம் மட்டும் நல்லவேளை நிஜமாகவில்லை என்கிற ரீதியில் பேசினார் ஜினோவியெவ். டிராட்ஸ்கி வாயைத் திறக்கவில்லை. மாநிலவாரியாகப் பிரதிநிதிகளுக்குத் தனித்தனியாகப் படித்துக் காட்டுவது, யாரும் குறிப்பெடுக்கக் கூடாது, அச்சிடக் கூடாது என்று முடிவாயிற்று.

தலைவரின் ஒவ்வொரு துண்டுச் சீட்டையும் அச்சடித்த நாட்டில், தலைவர் கட்சிக்கு எழுதிய கடைசிக் கடிதம் மட்டும் அலமாரிக்குள் போனது.

அப்புறம் ஸ்டாலின் செய்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் லெனின் துணைக்கு வருவார்.

1924 வசந்தத்தில் வந்த அந்தச் சொற்பொழிவுகளின் முதல் பதிப்பில், ஒரே நாட்டில் சோஷலிசம் முழு வெற்றி பெற முடியாது, மற்ற நாடுகளிலும் புரட்சி வந்தாக வேண்டும் என்றுதான் ஸ்டாலினே சொல்லியிருந்தார். கட்சியில் எல்லோரும் அன்று அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரே நாட்டில் சோஷலிசம் முடியும்! ஆதாரம்? லெனின் 1915-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியம். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் பழைய வரிகள் மாறிவிட்டன. உலகப் புரட்சி பேசிய டிராட்ஸ்கி இப்போது லெனினிச விரோதி.

அடுத்தது விவசாயம். லெனின் 1923 ஜனவரியில் கூட்டுறவு பற்றிச் சொன்ன கட்டுரை ஒன்று உண்டு. விவசாயியை மெல்ல மெல்ல, அவனுக்கு லாபம் இருப்பதைக் காட்டி, கல்வி கொடுத்துக் கூட்டுறவுக்குள் கொண்டுவர வேண்டும், நல்லபடியாகப் போனாலே பத்து இருபது வருடம் பிடிக்கும் என்றார். 1929 கடைசியில் ஸ்டாலின் துப்பாக்கி முனையில் கூட்டுப்பண்ணைகளை உண்டாக்கினார். நிலமும் மாடும் பறிக்கப்பட்டன. தானியம் கடைசி மூட்டை வரை வசூலாயிற்று. 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வோல்கா பகுதியிலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்த மகா காரியத்துக்கு அவர்கள் வைத்த பெயர், லெனினின் கூட்டுறவுத் திட்டம்!

இங்கே ஒரு நிமிடம். லெனின் என்ன பெரிய மகாத்மாவா என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. இல்லை. சினிமா சீஸர் மாதிரி அவரைத் தூக்கி வைத்தால் அதுவும் பொய்தான். 'செக்கா' என்ற ரகசியப் போலீஸை 1917 டிசம்பரிலேயே உண்டாக்கியது அவர் அரசு. 1918 ஜனவரியில், தேர்தலில் ஜெயித்து வந்த அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தது அவர் அரசு. 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் மாலுமிகளின் எழுச்சியைப் பீரங்கி வைத்து நசுக்கியதும் அதேதான். அதே மாதம் நடந்த 10-வது மாநாட்டில், கட்சிக்குள் கோஷ்டி சேரக் கூடாது, மீறினால் மத்திய கமிட்டிக்காரரையே வெளியேற்றலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் லெனின்தான். வெளியேற்றும் அந்தப் பிரிவை ரகசியமாக வைத்திருந்தார்கள். 1924 ஜனவரியில், லெனின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஸ்டாலின் அதைப் பகிரங்கமாகப் படித்துக் காட்டினார். அவசரத்துக்கு என்று லெனின் செய்துவைத்த கத்தி, தினசரி உபயோகத்துக்கு வந்துவிட்டது. ஆகவே குருவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் குருவே இந்தச் சிஷ்யன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாரே, அதுவும் உண்மை.

அந்த எழுத்தையும் ஸ்டாலின் விடவில்லை. இதுதான் எனக்கு மிகவும் திகிலூட்டிய இடம். 1926-ல் 'நியூயார்க் டைம்ஸ்' உயிலை அச்சிட்டுவிட்டது. எதிர்க்கோஷ்டி அதைத் தூக்கிப் பிடித்தது. 1927 அக்டோபரில், மத்திய கமிட்டிக் கூட்டத்தில், ஸ்டாலினே எழுந்து அந்த வரிகளை எடுத்துப் படித்தார். ஆமாம் தோழர்களே, நான் முரடன்தான், கட்சியை உடைக்கப் பார்க்கிறவர்களிடம் முரடன்தான், இதை நான் மறைத்ததில்லையே என்கிற தோரணையில் பேசினார். கைதட்டல்! தன்னைப் பதவியிறக்கச் சொன்ன உயிலையே, தன் எதிரிகளைத் துரத்தும் தடியாக மாற்றிவிட்டார். அடுத்த மாதம் டிராட்ஸ்கியும் ஜினோவியெவ்வும் கட்சியிலிருந்து வெளியே.

மிச்சக் கணக்கைப் பாருங்கள். லெனின் சாகும்போது பொலிட்பீரோவில் ஏழு பேர். லெனின் போனார். ஜினோவியெவ், காமனெவ் 1936 ஆகஸ்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று உயிலிலிருந்து காப்பாற்றினார்களே, அதே இருவர்தான். டாம்ஸ்கி அந்த மாதமே தற்கொலை செய்துகொண்டார். ரீகாவ் 1938 மார்ச்சில் சுடப்பட்டார். டிராட்ஸ்கி 1940 ஆகஸ்ட்டில், மெக்ஸிகோவில், பனிக்கோடரியால் மண்டை பிளக்கப்பட்டு இறந்தார். மிஞ்சிய ஏழாவது ஆள் ஸ்டாலின். 1937, 38 இரண்டு வருடங்களில் மட்டும் ஆவணங்கள்படி சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மரண தண்டனை. சுட்டவர்கள் லெனினின் எதிரிகளைச் சுடுவதாகத்தான் சொன்னார்கள்.

ஆட்களைத் தீர்த்தால் போதுமா? ஞாபகத்தை என்ன செய்வது?

1920 மே 5-ம் தேதி மாஸ்கோவில் லெனின் மரமேடையில் நின்று ராணுவத்தினரிடம் பேசும் பிரபலமான போட்டோ ஒன்று உண்டு. பக்கத்துப் படிக்கட்டில் டிராட்ஸ்கியும் காமனெவ்வும் நிற்பார்கள். பிற்பாடு வெளிவந்த பிரதிகளில் படிக்கட்டு மட்டும்தான் இருக்கும். ஐசன்ஸ்டீனின் 'அக்டோபர்' படத்திலிருந்து டிராட்ஸ்கி காட்சிகள் வெட்டப்பட்டன.

1937-ல், புரட்சியின் இருபதாம் ஆண்டுக்கு, மிகைல் ரோம் இயக்கிய 'லெனின் இன் அக்டோபர்' வந்தது. போரிஸ் ஷுகின் லெனினாகவே வாழ்ந்திருப்பார். அவரருகே, நிதானமாக, ஞானியைப் போல ஸ்டாலின். நிஜத்தில் புரட்சிக்கு முந்தைய நாள் காலை மத்திய கமிட்டி கூடி வேலை பிரித்துக்கொண்டபோது, ஸ்டாலின் அந்தக் கூட்டத்தில்கூட இல்லை. பத்திரிகை நடத்தும் வேலையில் இருந்தார். ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்த்த ஜனங்களுக்கு சினிமாதானே சரித்திரம்? 1938-ல் கட்சி வரலாற்றின் 'சுருக்கப் பாடம்' புத்தகமாக வந்து, நாலு கோடிக்கும் அதிகமான பிரதிகள் அச்சாயிற்று. அதிலும் அதே கதை.

ராகா மாதிரி மிஞ்சியிருந்த ஒரே ஜீவன் க்ரூப்ஸ்கயா. 1925-ல் எதிர்க்கோஷ்டியோடு நின்றும் பார்த்தார். பெரும்பான்மை சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள் என்று மாநாட்டிலேயே பேசினார். கேட்கவில்லை. மெல்ல மெல்ல அடங்கிப்போனார். 1939-ல் காலமானார்.

1953 மார்ச் 5-ம் தேதி ஸ்டாலின் செத்தார். அவரையும் பதப்படுத்தி லெனின் பக்கத்திலேயே படுக்கவைத்தார்கள். 1956-ல் குருஷ்சேவ் ரகசியக் கூட்டத்தில் குட்டை உடைத்தார். அலமாரியிலிருந்த உயில் அப்போதுதான் சோவியத் ஜனங்களின் கண்ணில் பட்டது. 'லெனின் இன் அக்டோபர்' படத்திலிருந்து இப்போது ஸ்டாலின் வெட்டப்பட்டார்! வெட்டி ஒட்டியவர் அதே மிகைல் ரோம்.

கடைசிக் காட்சி 1961 அக்டோபர் 30. 22-வது கட்சி மாநாடு. டோரா லசுர்கினா என்ற மூதாட்டி எழுந்தார். லெனின் காலத்துக் கட்சிக்காரர், ஸ்டாலின் காலத்தில் வருடக்கணக்கில் சிறையும் முகாமும் பார்த்தவர். நேற்று லெனினிடம் ஆலோசனை கேட்டேன், அவர் உயிரோடு என் எதிரில் நிற்பது போலிருந்தது, கட்சிக்கு இவ்வளவு தீங்கு செய்த ஸ்டாலின் பக்கத்தில் படுத்திருப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னார் என்றார். சபையே கைதட்டியது. மறுநாள் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டாலின் உடலை எடுத்து, கிரெம்ளின் சுவரோரம் புதைத்துவிட்டார்கள்.

நியாயம் கிடைத்துவிட்டதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. தன் வாயாலேயே லெனின் உருப்படியாகச் சொல்லிவிட்டுப் போனதற்கு முப்பத்து மூன்று வருடம் பூட்டு. ஒரு பாட்டியின் மனக்கண்ணில் வந்து சொன்னதற்கு ஒரே நாளில் அமல்! அப்போதும் செத்தவர் வாயில்தான் வார்த்தையை வைத்தார்கள். இந்த முறை நல்ல வார்த்தை, அவ்வளவே.

ஆகவே, 'தலைவரே சொல்லியிருக்கிறார்' என்று யாராவது கையை உயர்த்தினால், அவர் எந்தக் கட்சியாக, எந்த மதமாக, எந்த மடமாக இருந்தாலும் சரி, நாலு கேள்வி கேளுங்கள். எங்கே சொன்னார்? எப்போது சொன்னார்? அதற்கு அடுத்த வரி என்ன? இன்னும் முக்கியமாக, அவர் சொன்னதில் எதைப் படிக்க நம்மை விடமாட்டேன் என்கிறார்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் ஏதாவது ஒரு அலமாரிக்குள் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வில்லன் யாரென்று தெரிந்துவிடும்.